வீதியும் வெடிப்பும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்களுக்கூடாக ஓடி, வல்லை வெளியைக் கடந்து, நெல்லியடியையும் மந்திகையையும் தொட்டுக் கடற்கரையில் முடிகின்றது. அதற்கு வடக்கே கடலேயன்றி நிலமில்லை. அவ்வீதியால் வெங்காயமும் மிளகாயும் வாழைக்குலையும் மீனும் போகின்றன. பஸ் வண்டிகளும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் ஓயாது செல்கின்றன. நாள்தோறும் அதில் பயணஞ் செய்வோர் பலர். வீதியின் முகத்தை உற்றுப் பார்ப்போர் மிகச் சிலர். எந்தத் தார் வீதியாயினும், உற்றுப் பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் தென்படுவது, சக்கரங்கள் ஓடும் தடத்திலே மயிரிழை போன்ற ஒரு கோடு. சில காலத்தின் பின் அக்கோட்டுக்கு அயலிலே வேறு கோடுகள் தோன்றி, ஒன்றோடொன்று பின்னி, முதலைத் தோல் போலாகிவிடும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபின் அவ்விடத்தில் ஒரு குழி காணப்படும். அப்பொழுதுதான் வீதி பழுதாகிவிட்டதென்று ஊரார் பேசத் தொடங்குவர். பொறியியலாரின் கணக்கிலோ வீதி பழுதானது குழி விழுந்த அன்று அன்று; முதற் கோடு தோன்றிய அன்றே. அக்கோடு எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு விரைவாக வளர்கின்றது, எந்த நிலையில் அதனைத் தடுக்கலாம் என்பவற்றைக் கணிதத்தாலும் கணினியாலும் முன்கூட்டியே அறிய முயலும் ஒரு துறை உண்டு. அத்துறையில் இதுகாறும் அறியப்பட்டவை யாவை, அவை குடாநாட்டு வீதிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே இப்பேச்சின் பொருள்.

வீதியை மூடியிருக்கும் கரிய பொருளை மக்கள் தார் என்றே வழங்குவர். முன்னாளில் நிலக்கரியிலிருந்து வடித்தெடுத்த தார் வீதிகளுக்கு இடப்பட்டமையால் அப்பெயர் நிலைத்துவிட்டது. இந்நாளில் இடப்படுவது நிலக்கீல் ஆகும். மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின்னர், நிலத்தடி எண்ணெயில் அடியில் எஞ்சும் பசைப்பொருளே அது. பண்டைப் பபிலோனியர் இயற்கையாகக் கிடைத்த நிலக்கீலைக் கொண்டு தம் செங்கற் சுவர்களைப் பிணைத்தனர். வீதிக்கு இடும் கலவையில் எடைப்படி நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கே நிலக்கீல். ஏனையவை சல்லிக்கல்லும் கற்றூளும். ஆயினும் கலவையின் குணத்தைப் பெரிதும் ஆள்வது அந்த ஐந்து பங்குதான்.

அக்குணம் விசித்திரமானது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் 1927 இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். கீல் சிறிதை உருக்கி ஒரு புனலில் ஊற்றி ஆறவிட்டார். பின்னர் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தாற் கண்ணாடி போலச் சிதறும் அந்தக் கீல், புனலுக்கூடாகத் துளித்துளியாக வடிந்தது. 2014 ஆம் ஆண்டு வரையில் விழுந்த துளிகள் 9 மட்டுமே. பார்னெல் இறந்து பல்லாண்டுகளாகியும் அப்பரிசோதனை கைவிடப்படவில்லை. கீல் திண்மமா, திரவமா என்று கேட்டால், கேட்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். நிலக்கீலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. விரைந்து செல்லும் பஸ்ஸின் சக்கரம் ஓரிடத்தை ஒரு கணத்திற் கடந்துவிடுகின்றது. அக்கணத்தில் வீதி திண்மம் போல் எதிர்த்து நிற்கும். நண்பகல் வெயிலிற் சுமையேற்றிய லொறி ஒன்று நாள் முழுவதும் நின்றால் அதே வீதி திரவம் போல் இளகிச் சக்கரத்துக்கு இடங்கொடுக்கும்.

இப்பொருள் முதுமையடைவதும் உண்டு. வடமராட்சியிற் பனாட்டுப் போடும் வீடுகளில் இதற்கு நல்லதோர் உவமை கிடைக்கும். பனம்பழக் களியைப் பாயிலே பரப்பி வெயிலில் உலர்த்துவர். புதிய பனாட்டை மடிக்கலாம், சுருட்டலாம். வெயிலும் காற்றும் மேன்மேலும் பட்டு வரண்டுபோன பனாட்டை மடித்தால் மடிப்பின் வெளிமுகத்திலே பிளவு காணும். நிலக்கீலும் வெயிலாலும் காற்றிலுள்ள ஒட்சிசனாலும் நாளடைவில் இறுகி, நெகிழுந்தன்மையை இழக்கின்றது. இதனை அளப்பதற்கு ஓர் எளிய முறை உண்டு. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 100 கிராம் பாரம் பூண்ட ஊசியொன்றை 5 செக்கன் நேரம் நிலக்கீலின்மேல் நிறுத்துவர். ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்பதை மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகளிற் குறிப்பர். இலங்கையில் வீதிக்கு வழக்கமாக எடுக்கப்படும் நிலக்கீலின் இலக்கம் 60/70. அதாவது ஊசி 6 முதல் 7 மில்லிமீற்றர் வரை இறங்கும். வெயிலிற் பல்லாண்டு கிடந்த வீதியின் மேற்புறத்திலிருந்து பிரித்தெடுத்த நிலக்கீலில் அந்த ஊசி அதிற் சிறு பங்கே இறங்கும்.

வெடிப்பைப் பற்றிய கணிதம் வீதியிலே பிறந்ததன்று, கப்பலிலே பிறந்தது. பருத்தித்துறைக்கு அயலிலுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகம் வரை சென்றதை அறிந்தவர்களுக்கு, கப்பலின் உடலில் வரும் பிளவு எத்துணை அஞ்சத்தக்கது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் இங்கிலிஸ் என்னும் பொறியியலறிஞர் 1913 இல் கப்பற் சிற்பக் கலைஞரின் சங்கத்தில் ஒரு கணக்கைச் சமர்ப்பித்தார். இழுக்கப்படும் தகட்டிலே நீள்வட்டத் துளையொன்று குறுக்காக இருக்கின்றது என்க. துளையின் நீளம் அகலத்தினும் பத்து மடங்காயின், அதன் முனையில் ஏற்படும் தகைப்பு, தகட்டின் ஏனைய இடங்களிலுள்ள தகைப்பிலும் 21 மடங்காகும். தகைப்பென்பது ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை. துளை ஒடுங்க ஒடுங்க முனையிற் கூடும் தகைப்புக்கு எல்லையில்லை. தகட்டில் ஓடும் வெடிப்பின் நுனியில் வட்டமான ஒரு துளையிட்டு அதனை நிறுத்தும் தொழிலாளரின் பழக்கத்துக்குக் காரணமும் இதனால் விளங்கிற்று. கூர்முனை மழுங்கினால் தகைப்புக் குறைந்துவிடுகின்றது.

ஆனால் இக்கணக்கு ஓர் இடர்ப்பாட்டையும் கொணர்ந்தது. மிகக் கூரிய வெடிப்பின் முனையில் தகைப்பு எல்லையின்றிக் கூடுமாயின், கண்ணுக்குத் தெரியாத கீறலுள்ள எப்பொருளும் மிகச் சிறு விசைக்கே பிளந்துவிடவேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லையே. கிரிபித் என்னும் அறிஞர் 1920 இற் கண்ணாடியை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். வெடிப்பு நீள்வதற்குப் புதிய இரண்டு முகங்களை உண்டாக்கவேண்டும். அதற்குச் சத்தி செலவாகும். பொருளில் தேங்கியுள்ள மீள்சத்தி, வெடிப்பு நீளும்போது எவ்வளவு விடுபடுகின்றதோ அது அச்செலவுக்குப் போதுமானால் வெடிப்பு ஓடும், போதாதெனில் நின்றுவிடும். வரவு செலவுக் கணக்குப் போன்றதே இதுவும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா விரைந்து கட்டிய சரக்குக் கப்பல்களுட் சில குளிர்ந்த கடல்களில் இரண்டாகப் பிளந்தன. அதன்பின் அந்நாட்டுக் கடற்படை ஆய்வுகூடத்தில் இர்வின் என்பவர் கிரிபித்தின் கொள்கையை உருக்குக்கு ஏற்பத் திருத்தி, 1957 இற் பொறியியலாருக்குப் பயன்படும் சூத்திரமாக்கினார்.

வீதியைக் கட்டுவோர் இக்கணக்குகளை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேறொரு வழியிற் சென்றனர். வீதி பல படைகளாலானது: அடியிலே இயற்கை நிலம், அதன்மேற் கிறவல், அதன்மேற் சல்லி, யாவற்றுக்கும் மேலே நிலக்கீற் கலவை. நிலத்தின்மேல் வைத்த பாரம் ஆழத்தில் எவ்வாறு பரவும் என்பதைப் பிரான்சின் பூசினெஸ்க் 1885 இற் காட்டினார். படைகள் பலவாயின் என்ன நிகழும் என்பதை அமெரிக்காவின் பர்மிஸ்ரர் 1943 இற் கணித்தார். பஞ்சணைமேற் கிடத்திய பலகையில் ஒருவர் ஏறி நின்றாற் பலகை வளைந்து, அதன் அடிமுகம் இழுபடும். சக்கரம் ஏறும்போது நிலக்கீற் படையும் அவ்வாறே வளைந்து அடியில் இழுபடுகின்றது. இழுபடும் அளவு மிகச் சிறிது. ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கெனக் கொள்ளலாம். இதனை விகாரம் என்பர். ஒருமுறை இவ்வாறு இழுபடுவதால் தீங்கில்லை. பத்து இலட்சம் முறை இழுபட்டால், அடிக்கடி வளைத்த கம்பி முறிவது போல், படை களைத்து வெடிக்கும்.

இவ்விகாரம் ஆயுளை எவ்வளவு குறைக்கும் என்பதிலேதான் வியப்பிருக்கின்றது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை பெருஞ் சோதனையொன்று நடந்தது. தனியே அமைத்த வீதிகளில் இரவு பகலாக லொறிகளை ஓட்டி, ஒவ்வொரு வீதியும் பழுதடைவதைக் குறித்துக்கொண்டனர். அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு நேரும் சேதம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய 16 மடங்காகின்றது என்பது அதன் பெறுபேறு. இந்திய வீதிப் பேராயம் இன்று கைக்கொள்ளும் கணக்கிலும் இதனை ஒத்த விதியே இருக்கின்றது: விகாரம் இரட்டித்தால் ஆயுள் ஏறத்தாழப் பதினைந்திலொரு பங்காகிவிடும். ஓரிரு லொறிகள் அளவுக்கு மிஞ்சிய கல்லையும் மணலையும் ஏற்றிச் சென்றாற் சிறிய வாகனங்கள் பல்லாயிரம் செய்யாத கேட்டை அவை செய்துவிடும். வீதி பழுதாவதற்கு மோட்டார் வண்டிகள் பெருகியதே காரணமென்று சொல்வது வழக்கம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

இக்கொள்கையின்படி வெடிப்பு அடியிலே தொடங்கி மேலே வருகின்றது. ஆதலின் மருந்து, படையைத் தடிப்பாக்குதல். குளிர் நாடுகளின் தடித்த வீதிகளுக்கு அது பெரிதும் பொருந்திற்று. வெப்பநாடுகளிலோ கண்டது வேறு. இங்கிலாந்தின் வீதி ஆராய்ச்சிக் கூடம் வெப்பநாடுகளுக்கென 31 ஆம் இலக்க வீதிக் குறிப்பை 1962 இல் வெளியிட்டது. அக்கூடத்தார் பல்லாண்டுகளாக வெப்பநாட்டு வீதிகளை அறுத்துப் பார்த்தபோது, பல இடங்களில் வெடிப்பு மேலிருந்தே தொடங்கிக் கீழிறங்குவதைக் கண்டனர். மேற்புறத்தின் சில மில்லிமீற்றர்த் தடிப்பில் நிலக்கீல் இறுகிப்போயிருந்தது; அதற்குக் கீழே அது இன்னும் நெகிழ்ச்சியாகவே இருந்தது. பனாட்டின் வெளிமுகம் பிளப்பது போன்றதே இது.

பருத்தித்துறை வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றே தெற்கிலுள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், மீண்டும் ஆவணியிலும் அங்கே நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே; ஏனைய மாதங்களிற் பெரும்பகுதி வரட்சி. கரிய வீதியின் மேற்பரப்பு இத்தகைய வெயிலில் 60 பாகை செல்சியஸையும் கடக்கும். இத்தகைய இடத்திலே, வெடிப்பு அடியிலிருந்து வருவதென்றெண்ணிப் படையை மட்டும் தடிப்பாக்கினாற் செலவு பெருகும்; மேற்புறம் முன்போலவே காய்ந்து வெடிக்கும். மேலிருந்து வரும் வெடிப்புக்கு ஏற்ற மருந்து வேறு: சூடான நிலக்கீலை மெல்லியதாகத் தெளித்து, அதன்மேற் சிறு கற்களைத் தூவி, உருளையால் அழுத்திவிடுதல். அது புதுப் படை இடுவதிலும் மிக மலிவானது. ஆனால் காலந் தாழ்த்தினாற் பயன்படாது. நோய் எது என்று அறியாமல் மருந்து கொடுப்பது எவ்வளவு தவறோ, வெடிப்பு எங்கிருந்து வருகின்றதென்று அறியாமல் வீதியைத் திருத்துவதும் அவ்வளவு தவறு.

இவ்விடத்திற்றான் கணினியின் உதவி வேண்டப்படுகின்றது. கணிதவியலாரின் பழைய சூத்திரங்கள் ஒரே சீரான பொருளுக்கும் ஒரே வெப்பநிலைக்கும் உரியவை. உண்மை வீதியிலோ மேற்புறம் இறுகியும் நடு நெகிழ்ந்தும் இருக்கும். காலையில் ஒரு குணம், நண்பகலில் வேறொரு குணம். இதற்கு ஒரு சூத்திரம் எழுதுதல் இயலாது. ஆகவே வீதியின் வெட்டுமுகத்தை வலையிட்டது போல ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகக் கற்பனையிற் பிரிப்பர். ஒவ்வொரு கூறுக்கும் அதன் வெப்பநிலை, முதுமை, விறைப்பு என்பன தனித்தனியே கொடுக்கப்படும். அயற் கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதையும் இழுப்பதையும் சமன்பாடுகளாக எழுதினால், பல்லாயிரம் சமன்பாடுகள் ஒருங்கே வரும். அவற்றைத் தீர்ப்பது கணினியின் வேலை. விமானச் சிறகுகளுக்காக 1950களில் வளர்ந்த இம்முறை பின்னர் அணைக்கட்டுக்கும் பாலத்துக்கும் வீதிக்கும் வந்தது.

வலையிலே வெடிப்பை எவ்வாறு காட்டுவது? இதற்கு வழிகள் பல. ரஷ்யாவின் பரென்பிளாற் 1959 இலும் இங்கிலாந்தின் டக்டேல் 1960 இலும் கூறிய கருத்து நிலக்கீலுக்கு மிகவும் இசைந்தது. வெடிப்பின் நுனி கத்தி முனையன்று. அங்கே இரு முகங்களும் முற்றாகப் பிரியாமல், இழைகள் போல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. பிடி தளரத் தளர இடைவெளி கூடும். ஓரளவுக்கு மேற் பிடி அற்றுப்போகும். நிலக்கீல் பூசிய இரு கற்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் நூல் நூலாக அது இழுபடுவதைக் கண்டிருப்பர். சுவீடனின் ஹில்லர்போர்க் 1976 இல் இக்கருத்தைக் கொங்கிறீற்றுக்கு அமைத்துக் கொடுத்தார். இலினோய்ப் பல்கலைக்கழகத்திற் பட்லர், பௌலினோ என்போர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நிலக்கீற் கலவையிற் கையாண்டனர். 1999 இல் வந்த மற்றொரு முறையில், வெடிப்பு வலையின் கோடுகளைப் பின்பற்றவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. கூறுகளின் நடுவேயும் அது செல்லலாம். இன்னும் பிந்திய முறையொன்று வெடிப்பைக் கோடாகவே கொள்வதில்லை. ஒவ்வோரிடத்திலும் சேதத்துக்கு 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுத்து, கிரிபித்தின் சத்திக் கணக்கே வெடிப்பின் பாதையைத் தேடிக்கொள்ளும்படி விட்டுவிடுகின்றது.

கணினி சொல்வதெல்லாம் உண்மையென்று கொள்வதற்கில்லை. பொருள் சேதமுற்று இளகும் வகையில் எழுதப்பட்ட கணக்குகளில், தக்க பாதுகாப்புச் செய்யாவிடின், வலையின் கண்ணைச் சிறிதாக்கும்தோறும் விடையும் மாறிவிடும். வலையின் அளவைப் பொறுத்து ஆயுள் கூடவும் குறையவுமான வீதி எந்த நாட்டிலும் இல்லை. படத்தின் வண்ணத்தைக் கண்டு மயங்கும் இளம் பொறியியலார் இதனை மறந்துவிடுவதுண்டு.

நிலக்கீலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மகிழ்ச்சியான சிக்கல். நிலக்கீல் தன் புண்ணைத் தானே ஆற்றவல்லது. வெடிப்பு நுண்ணியதாக இருக்கும்போது வண்டிகள் ஓயுமாயின், வெப்பத்தில் நிலக்கீல் மெல்ல இளகி இரு முகங்களும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் ஓய்வின்றிச் சோதித்த துண்டு விரைவில் உடைய, அதே கலவை வீதியில் அதனினும் பன்மடங்கு காலம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே குடாநாட்டு வெயில் பகையுமாகும், மருந்துமாகும்: இளம் வீதியின் நுண்வெடிப்பை அது ஆற்றுகின்றது, ஆண்டுகள் செல்ல, ஆற்றும் வன்மையையே அழித்துவிடுகின்றது. இவ்விரண்டில் எது எந்த ஆண்டில் மிகும் என்பதைக் கணக்கிடுதல் இத்துறையின் கடினமான வினாக்களுள் ஒன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த முரளி கிருஷ்ணனும், அக்கழகத்திற் கற்று அமெரிக்காவின் ரெக்சாஸிற் பேராசிரியரான ராஜகோபாலும் சேர்ந்து, நிலக்கீலின் பயன்களையும் அதற்கான கணித மாதிரிகளையும் பண்டைக்காலம் முதல் ஆராய்ந்த நீண்ட கட்டுரையொன்றை 2003 இல் வெளியிட்டனர். உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் எழுதிய கணக்கை நிலக்கீலுக்கு அப்படியே போர்த்துவிடலாகாது என்பதை அறிய விரும்புவோர்க்கு அது நல்ல நுழைவாயில்.

இனிக் குடாநாட்டின் நிலத்தைச் சற்று நோக்கலாம். அதன் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வீதிக்கு அக்கல் நல்லதா, தீயதா என்பதற்கு ஒற்றை விடையில்லை. நிலக்கீல் சுண்ணாம்புக்கல்லை நன்றாகப் பற்றிக்கொள்ளும். படிகக்கல் மிகுந்த கருங்கல்லிலிருந்தோ நீர் அதனை எளிதிற் பிரித்துவிடும். எனினும் சுண்ணாம்புக்கல் மென்மையானது. சக்கரம் தேய்க்கத் தேய்க்க வழுவழுப்பாகி மழைநாளில் வழுக்கும். ஆகவே மேற்படைக்குக் கருங்கல்லும், கலவையின் தூளுக்குச் சுண்ணாம்புக்கல்லும் பொருத்தமாகும். கோப்பாய், புத்தூர்ப் பகுதிகளிற் செம்மண்ணுக்கும் கல்லுக்கும் ஊடாக மழைநீர் விரைவாகக் கீழிறங்கிவிடுகின்றது. வல்லை வெளியிலோ நிலை வேறு. அங்கே உவர்நீர் நிலமட்டத்துக்கு மிக அண்மையில் நிற்கின்றது. மாரியில் அடிப்படை நனைந்து இளகினாற் பலகையின் கீழ்ப் பஞ்சணை மேலும் மெத்தென்றாகும், வளைவு கூடும், விகாரம் கூடும். உவர் நிலங்களில் மெல்லிய நிலக்கீற் படையின் கீழ் உப்புப் படிகங்கள் வளர்ந்து அதனைக் கொப்புளம் போல் உயர்த்துவதும் வரண்ட நாடுகளிற் காணப்பட்டதொன்றே. ஆகவே ஒரே வீதியில், புத்தூரில் வெடிப்பு மேலிருந்து வரவும், வல்லையிற் கீழிருந்து வரவும் இடமுண்டு. ஊர் முழுவதற்கும் ஒரே தடிப்பு, ஒரே மருந்து என்று வகுப்பது எளிது, ஆனால் சிக்கனமன்று.

வடபகுதி வீதிகளுக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. போர்க்காலத்தில் நெடுங்காலம் பேணப்படாது கிடந்த அவை, 2009 இன் பின் சில ஆண்டுகளுக்குள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மீளமைக்கப்பட்டன. ஏனைய மாவட்டங்களில் ஒரு வீதி இளமையாகவும் மற்றொன்று முதுமையாகவும் இருக்கும்; திருத்தச் செலவும் ஆண்டுதோறும் பரவி வரும். ஒரே காலத்தில் இட்ட வீதிகளோ ஒரே காலத்தில் முதுமையடையும். அக்காலம் வரும்போது யாவற்றையும் ஒருங்கே புதுப்பிக்கப் பணம் இராது. எந்த வீதியின் எந்தப் பகுதிக்கு இவ்வாண்டு நிலக்கீல் தெளிப்பது, எதனை இரண்டாண்டு விட்டுவைப்பது, எதனைத் தோண்டியே திருத்துவது என்று தெரிவு செய்யவேண்டியிருக்கும். கணக்கின் பயன் அங்கேதான்.

அத்தெரிவுக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. வீதியின் மேற்பரப்பிலும் சில அங்குல ஆழத்திலும் வெப்பமானிகளைப் புதைத்து ஓராண்டு குறிப்பெடுக்கலாம். லொறிகளின் அச்சுப் பாரத்தை நெல்லியடி போன்றதொரு சந்தியிற் சில நாட்கள் நிறுத்துப் பார்க்கலாம். கிணற்று நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளக்கலாம். அது குடாநாட்டுத் தோட்டக்காரர் எவருக்கும் கைவந்த வேலை. யாவற்றிலும் முக்கியமானது, வெடிப்பின்மேலேயே துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு. ஓர் இயந்திரம், ஒரு வாளி தண்ணீர், இரண்டு தொழிலாளர், அரைமணி நேரம் — ஒரு சாண் விட்டமும் இல்லாத ஒரு கருந்துண்டு கையில் வந்துவிடும். அதனைக் கழுவி வெயிலிற் பிடித்துப் பார்த்தால், கோடு மேலிருந்து புறப்பட்டு நடுவில் நின்றுவிட்டதா, அடியிலிருந்து ஏறி வந்ததா என்பது வெறுங் கண்ணுக்கே தெரியும். நடுவில் நின்றுவிட்டதாயின், புரட்டாதிக்குள் அவ்விடத்துக்கு நிலக்கீல் தெளித்துக் கல்தூவி முடித்துவிடவேண்டும். ஐப்பசியில் மழை இறங்கிவிடும்.